வயல்ல நிக்கிற சட்டை

இல்லங்க, மொதல்ல அந்தச் சட்டைய இப்படிக் குடுங்க. பேச்சு அப்பறம் வச்சுக்குவோம். பைக்குள்ள திணிச்சுட்டா ஒங்களோடதா ஆயிடுமா? குடுங்கன்னு சொல்றேன்ல. ம். இப்ப இந்த மோட்டார் கொட்டாய் நெழலுக்கு வாங்க. பாத்து, வரப்பு வழுக்கும். உக்காருங்க. தண்ணி குடிக்கிறீங்களா? இந்தாங்க, நானும் இதே சொம்புலதான் குடிக்கிறேன், ஒண்ணும் பண்ணாது. மொகத்த அப்படி வச்சுக்காதீங்க. பயப்பட வேண்டியது நானு, நீங்க இல்ல.

என்னா பயமா? நல்லா கேட்டீங்க போங்க. பட்டப்பகல்ல வந்து, கேக்காம கொள்ளாம என் வயலுக்குள்ள எறங்கி, காக்கா வெரட்ட நான் நட்டு வச்ச பொம்மையோட சட்டைப் பொத்தானக் கழட்டிக்கிட்டு நிக்கிறீங்க. தோளுல காமிரா வேற. நான் வாய்க்கா மேட்டுலேருந்து ஏய் ஏய்னு கத்துறேன், திரும்பிக்கூடப் பாக்கல. அப்பறம் ஒங்க பையிலேருந்து நீலமா ஒரு சட்டைய எடுத்து அதுக்கு மாட்டி விடுறீங்க. கேட்டா, மாத்திக்கிட்டேங்கறீங்க. யாருங்க மாத்துவா? மழையில நனைஞ்சு வெயில்ல காஞ்சு நைஞ்சு போன சட்டைக்கு, கையால நூல் கோத்துத் தச்ச புதுச் சட்டைய யாருங்க குடுப்பா? ஜவுளிக்கடைக்காரன் ஆடித் தள்ளுபடியில கூட இப்படிக் குடுக்க மாட்டான்.

சரி, நீங்க துணி டிசைன் பண்றவங்க. சென்னையில கடை. நீங்க சொன்னீங்க, நான் கேட்டுக்கிட்டேன். நம்புனேன்னு சொல்லல.

பேரு என்னா சொன்னீங்க? தர்மாம்பாளா? பாருங்க, இங்கயே இடிக்குதுல்ல. முடியக் கட்டையா வெட்டிக்கிட்டு, பேன்ட்டு போட்டுக்கிட்டு, சென்னைங்கறீங்க. பேரு மட்டும் எங்க பக்கத்துப் பேரா இருக்கு. அப்பாயி பேரா? அப்பாயி எந்த ஊரு?

திருக்காட்டுப்பள்ளியா! நெனச்சேன். பஞ்சநதத்தோட சம்பந்தி வீடு எந்த ஊருன்னு நெனக்கிறீங்க? அதே திருக்காட்டுப்பள்ளிதான். தெரியாதுங்கறீங்க. தெரிஞ்சாலும் தெரியும்னா சொல்லப் போறீங்க?

பஞ்சநதம் யாருன்னு நான் ஒங்களுக்குச் சொல்லணுமாக்கும். சரி, சொல்றேன், கேக்கும்போது ஒங்க மொகத்தப் பாக்கணும்ல. எங்க வீட்டுக்காரரோட சித்தப்பா மவன். பங்காளி. நீடாமங்கலத்துல மச்சு வீடு கட்டிக்கிட்டு இருக்காரு. கட்சிக்காரரு. என்னா கட்சின்னு கேக்காதீங்க, எந்த ஆட்சியோ அந்தக் கட்சி. பொட்டியில ரெண்டு கரை வேட்டியும் தேச்சு வச்சிருப்பாரு போல, எலெக்சன் முடிஞ்ச மறுநாளே மாத்திக் கட்டிக்கிட்டு வந்துருவாரு. இந்த வயலு மடத்து நெலங்க. எங்க மாமனாரு பக்கிரி குத்தகைக்கு உழுதாரு. அந்தக் காலத்துல நெனச்சா எறக்கி விட்டுருவாங்களாம். நாத்துப் பறிச்சு முடிச்சுக்கட்டி வச்சிருக்கப்ப வந்து, போடா வெளியிலன்னு ஏர அவுத்து விட்டிருக்காங்க. அப்பறம் கழக ஆட்சியில சட்டம் வந்துச்சு, உழுறவன் பேரப் பதிஞ்சுக்கன்னு. அதுக்கும் அடி ஒத. எங்க மாமனாரு மண்டைக் கட்டோடதான் போயிப் பதிஞ்சாரு. அவருக்கப்பறம் எங்க வீட்டுக்காரரு பேரு, துரைக்கண்ணுன்னு. ஊரெல்லாம் சொல்ற பேருதானே, நான் சொன்னா என்னா ஆயிடப் போவுது. அந்தப் பேர எடுக்கத்தான் பஞ்சநதம் அலையுறாரு. அந்தா, தென்னை வரிசைக்கு அந்தாண்ட அவரு சொந்த நெலம். இதுவும் சேந்துட்டா மெயின் ரோடு வரைக்கும் அவருதுதான். எந்தக் கரையில வந்தாலும் பேச்சு ஒண்ணுதான், ஆம்பள இல்லாத வீட்டுக்கு எதுக்கு மடத்து நெலம்னு.

வீட்டுக்காரரா? மலேசியாவுல இருக்காரு. ஓட்டல்ல வேல. பொங்கலுக்கு வராரு.

வர்றாருங்க. ஏன் அப்படிப் பாக்குறீங்க?

இப்ப சொல்லுங்க, அந்த ஆளு அனுப்பித்தானே வந்தீங்க? போன வருசம் எண்ணெக் கெணறு தோண்டுற கம்பெனிக்காரங்களும் இப்படித்தான் காமிரா மாட்டிக்கிட்டு வந்தாங்க. கொக்கு குருவிய படம் புடிக்கிறோம்னாங்க. இளநி வெட்டிக் குடுத்தோம். அப்பறம் பாத்தா வயலுக்கு நடுவுல செவப்பு பெயிண்டு அடிச்ச கல்லு. நல்லவேளை, ஊரே ரோட்டுல உக்காந்ததுல ஓடிட்டாங்க. அதுலேருந்து படம் புடிக்கிறேன்னு யாரு வந்தாலும் நாங்க வயலுக்குள்ள விடுறதில்ல.

போன்ல காட்டுறீங்களா? காட்டுங்க. இதெல்லாம் நீங்க தச்சதா. இந்தப் பொண்ணு எதுக்கு இப்படி சோறு கண்டே நாளாச்சுங்கற மாதிரி நிக்கிது? என்னாங்க இது, முதுகு பூரா கிழிசல். கிழிசலச் சுத்தி வேலைப்பாடு வேற. ஓ, கிழிஞ்ச எடத்த மறைக்காம, அதையே அழகு பண்றீங்க. சரிதான். எங்க ஊருல ஒட்டுப் போட்டுத் தச்சா இல்லாதவங்க, நீங்க தச்சா கலை.

கோவிச்சுக்காதீங்க. சொல்லுங்க, கேக்குறேன். தாராசுரம் கோயில்ல போயி நாள் கணக்கா உக்காந்து பாத்தீங்களா? நானும் போயிருக்கேன். அந்தச் செலைங்க இடுப்புல சீலை மடிப்பு விழுந்திருக்கும், ஆமா, கல்லுன்னே தெரியாது. உடுத்துனவங்க இல்ல, நெய்தவங்க இல்ல, மடிப்பு மட்டும் இருக்குன்னு யோசிச்சீங்களா. ம். அதுலேருந்துதான் இந்த யோசனை வந்துச்சா? நெய்யறதோட துணி முடியல, வெயிலும் மழையும் போட்டுக்கிற ஆளும் அத இன்னும் செஞ்சுக்கிட்டே இருக்காங்கன்னு. நல்லாத்தான் பேசுறீங்க. காலேசுல சொல்லிக் குடுத்தாங்களா, நீங்களே யோசிச்சதா? 

பேசுறது நல்லாருக்கு. அதுக்கு ஏன் காலர மோந்து பாத்தீங்க?

பாத்தீங்க. நான் பாத்தேன். காலர விரிச்சு, மூக்குகிட்ட கொண்டு போயி. அது எங்க வீட்டுக்காரரு வேர்வைங்க. நீடாமங்கலம் ஜெக்கரியா டெய்லரு தச்ச சட்ட, ஊருக்குக் கெளம்புறதுக்கு மொதநாள் வரைக்கும் போட்டிருந்தாரு. தொவைக்காமயே ஆணியில தொங்க விட்டிருந்தேன். ஒருத்தரு வேர்வ பட்ட துணிய எடுத்துட்டுப் போயி என்னா பண்ணுவாங்கன்னு ஒங்களுக்குத் தெரியாதா? மயிரு, நகம், போட்ட துணி, இது மூணையும்தான் மொதல்ல கேப்பான் மந்திரவாதி. பஞ்சநதத்துக்குப் பழக்கம் உண்டு. எங்க மாமனாரு வேட்டி ஒண்ணு கொடியிலேருந்து காணாமப் போயி, அந்த வருசமே அவரு கால் வெளங்காமப் போச்சு. அதான் ஒங்க நீலச் சட்டையத் தொட்டதும் கைய மண்ணுல தேச்சேன். நீங்க மொகம் சுளிச்சீங்க.

சாயமா? அவுரியா. நீங்களே முக்கி எடுத்ததா? கையெல்லாம் காட்டுங்க. ஆமா, நகத்துக்குள்ள கூட நீலமா இருக்கு. மந்திரவாதி வீட்டு ஆளுக்கு நகத்துல சாயம் இருக்காது. சரி.

ஆனா நீங்க இன்னொண்ணு சொன்னீங்க. நான் ஓடியாந்து சட்டையப் புடுங்க வந்தப்ப சொன்னீங்கள்ல, போட்டிருந்தவரு போயிட்டாலும் அவரு தோளு இன்னும் இதுக்குள்ள இருக்கு, பாருங்கன்னு. போயிட்டாருன்னு யாரு சொன்னா ஒங்களுக்கு? யாரு சொன்னதுங்க? நெய்னா முகம்மது பாயத் தெரியுமா? கூத்தாநல்லூர்க்காரரு. மலேசியாவுல இவரு வேல பாக்குற ஓட்டல்லதான் அவரும். தெரியாதா? நெசமா?

பொதுவா சொன்னதா. எந்தச் சட்டைக்கும் அப்படித்தான் சொல்லுவீங்களா. ஒங்க படிப்பு அப்படி. சரி விடுங்க. தண்ணி இன்னும் இருக்கு, குடிங்க. எனக்கும் கொஞ்சம் வைங்க.

இல்ல, ஒண்ணுமில்ல. காலையிலேருந்து சாப்புடல.

எத்தன நாளா இங்க சுத்துறீங்க? ரெத்தினம் டீக்கடைக்குப் பக்கத்து மாடியில ரூம் எடுத்திருக்கீங்களா. பொம்பளைங்க சீலைக்கு மேல வீட்டுக்காரரு சட்டையப் போட்டுக்கிட்டு வயல்ல எறங்குறதப் படம் புடிக்க வந்தீங்களா. அதுல என்னாங்க இருக்கு? சேறு தெறிக்கும், அறுப்புல நெல்லுச் சொணை அரிக்கும், அதுக்குப் போடுறது. இங்க எல்லாரும் போடுவோம். நானும் போடுவேன். ஒருத்தர் ஒடம்ப இன்னொருத்தர் உடுத்திக்கிறதா? சட்டையத்தாங்க போடுறோம். ஒங்களுக்கு எல்லாத்துலயும் ஒண்ணு தோணுது.

இருங்க, இருங்க. என்னா சொன்னீங்க? வந்த அன்னிக்கு சாயங்காலம் ரோட்டுலேருந்து பாத்தப்ப, ஆளுன்னே நெனச்சீங்களா? கட்டம் போட்ட சட்ட, வயலுக்கு நடுவுல, அசையாம நின்னாரா? அத யாருகிட்டயாச்சும் சொன்னீங்களா? டீக்கடையிலயா? யாரு இருந்தா? கரை வேட்டி, தங்க வாட்ச்சு, நெத்தியில சந்தனமா? அவரேதான். அந்த ஆளுதாங்க பஞ்சநதம்! ஒங்ககிட்ட என்னா கேட்டாரு? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. ம். அந்த வயல்ல ஆளு நின்னத நீங்களே பாத்தீங்களான்னா? நீங்க என்னா சொன்னீங்க? ஆமா, ரொம்ப நேரமா நின்னாரு, பயிரப் பாத்துக்கிட்டு இருந்தாருன்னா? அப்படியேவா சொன்னீங்க?

டீயக் குடிக்காம வச்சுட்டுப் போயிட்டாரா!

சிரிக்காம என்னாங்க பண்றது. அதான் ரெண்டு மூணு நாளா பைக்க நிறுத்தாமப் போறாரு. நான் ஏதோ நல்லநேரம்னு நெனச்சேன். அந்த ஆளுக்கு எங்க வீட்டுக்காரர்னா பயம். ஒருக்கா மடையத் தெறக்க வந்தவர இவரு மம்பட்டியத் தூக்கிக்கிட்டு ரோடு வரைக்கும் வெரட்டியிருக்காரு. வெளியூரு ஆளு, அதுவும் படிச்சவங்க, நீங்க சொன்னா நம்பித்தானே ஆவணும். இங்க இருக்குற சனம் சொன்னா நம்ப மாட்டாரு. இவங்க எல்லாருக்கும் அது பொம்மைன்னு தெரியும். அவருகிட்ட மட்டும் யாரும் சொல்ல மாட்டாங்க, எவனுக்கும் அவரப் புடிக்காது. 

நீங்களும் சொல்லாதீங்க. கும்புடுறேன். போயி டீக்கடையில, ஐயோ அது பொம்மைங்க, நான் ஏமாந்துட்டேன்னு சிரிச்சுச் சொல்லிடாதீங்க. படத்த எதுலயும் போட்டுறாதீங்க, அவரு மவன் எந்நேரமும் போனும் கையுமாத்தான் இருக்கான். அறுப்பு முடியட்டும், அப்பறம் எந்த ஊருல வேணா காட்டுங்க.

என்னா படம் அது? நேத்து சாயங்காலம் எடுத்ததா? இப்படித் திருப்புங்க, வெயிலு அடிக்குது.

ஆமா. நடக்குறாரு. தலையில துண்டக் கட்டிக்கிட்டு, மம்பட்டியத் தோளுல வச்சுக்கிட்டு நடக்குறாரு. இதத்தான் பாக்க வந்தீங்களா? மொதநாளு வாய்க்காகிட்ட நின்ன சட்ட, மறுநாளு தென்னைகிட்ட நின்னுச்சு, நேத்து நடந்துச்சுன்னு. பொம்மைய எடம் மாத்தி மாத்தித்தாங்க நடணும், இல்லாட்டிப் பறவைக்குப் பழகிடும். ஆனா அது நடக்காதுல்ல.

நல்லா எடுத்திருக்கீங்க. ஒரு தோளு கொஞ்சம் எறங்கினாப்ல இருக்கு பாருங்க, மம்பட்டி வைக்கிற தோளு. அது அவரு நடைதான். எத்தன வருசம் பின்னாலயே நடந்திருக்கேன், வராமப் போயிடுமா?

நான்தாங்க அது.

பஞ்சநதம் பைக்குல தெனம் இந்த நேரத்துக்குத்தான் நீடாமங்கலத்துலேருந்து வருவாரு. பொம்மை நிக்கிறது மட்டும் போதாது, என்னிக்காச்சும் ஒருநாள் பக்கத்துல வந்து பாத்துருவாரு. அதனால ரெண்டு நாளு அது நிக்கும், ஒருநாளு நான் நடப்பேன். பொங்கலுக்கு வராருன்னு சொன்னவரு முன்னாலயே வந்துட்டாரு போலன்னு அவரு நெனச்சுக்கட்டும். ஊரு சனத்துக்கு அவரு இன்னும் மலேசியாவுலதான், அதுக்காக வீட்டுல வாசலுக்குக் கேக்குற மாதிரி போன்ல பேசுவேன். சாப்டீங்களா, அங்க மழையான்னு. அந்தப் பக்கம் யாரும் இருக்க மாட்டாங்க.

நீங்க புரிஞ்சுக்கிட்டீங்க. மொகத்துல தெரியுது.

ஐப்பசியில. நடவு நட்டுக்கிட்டு இருந்தோம், இதோ இதே வயல்ல. போன் அடிச்சுச்சு, பாய்தான் பேசுனாரு. ராத்திரி படுத்தவரு எந்திரிக்கலம்மான்னு சொல்லிட்டு அழுதாரு. விசா முடிஞ்சு போயி ஒளிஞ்சு ஒளிஞ்சு வேல பாத்தவரு, ஒடம்ப அனுப்புறது கஷ்டம், ஆனா நாங்க பத்துப் பேரு சேந்து எப்படியாச்சும் அனுப்பிடுறோம், அனுப்பவாம்மான்னு கேட்டாரு. சேத்துல முழங்காலு வரைக்கும் நிக்கிறேன். கையில நாத்து முடி. சுத்தி அத்தன பொம்பளைங்க. வரப்பு மேல பஞ்சநதம் நிக்கிறாரு, அன்னிக்குன்னு பாத்து வந்திருந்தாரு, என் பொண்டாட்டி பேருக்குக் குத்தகைய மாத்தச் சொல்லி மடத்துல எழுதிக் குடுத்துட்டேன், நடவ நிறுத்துன்னு.

வேணாம் பாய், அங்கயே எரிச்சிருங்கன்னு சொன்னேன். ஒடம்பு வந்து வாசல்ல எறங்குச்சுன்னா அன்னிக்கே இந்த வயலு போச்சு. காரியம் முடியறதுக்குள்ள ஆளுங்கள எறக்கி விட்டுருவாரு. பயிரு நிக்கிறப்ப எறங்கி அவரே அறுத்துட்டார்னா, அறுத்தவனுக்குத்தான் சாகுபடின்னு மடத்துல பேசி முடிச்சுருவாரு. நானே அறுத்து, கொள்முதல் நெலையத்துல எம் பேருல நெல்லப் போட்டுட்டா, அப்பறம் தைரியமா போயிக் கேக்கலாம், சாகுபடி பண்றது நானு, எம் பேரப் பதிங்கன்னு. அதுவரைக்கும் எங்க வீட்டுக்காரரு உசுரோட இருந்தாவணும்.

போன வச்சுட்டு, நல்லாருக்காராம், பொங்கலுக்கு வராராம்னு சொல்லிட்டுக் குனிஞ்சு நட்டேன். அந்த மூலை இருக்கு பாருங்க, பயிரு கொஞ்சம் கோணலா. அது அன்னிக்கு நட்டது.

யாருக்கும் தெரியாது. எம் பொண்ணுக்கே தெரியாது. கும்மோணத்துல நர்சிங் படிக்கிது. அப்பா ஏம்மா எனக்குப் பேச மாட்டேங்குறாருன்னு கேக்குது. சொன்னா ஓடியாந்து வாசல்ல விழுந்து அழும், ஊரு கூடிடும். எனக்கும் அழுவணும்னுதான் இருக்கு. அழுறதுக்கு எடம் இல்ல தங்கச்சி. வீட்டுல அழுதா சத்தம் கேக்கும், இங்க அழுதா ஆளு பாக்கும். நீங்க ஏங்க அழுவுறீங்க? கண்ணத் தொடைங்க. ரோட்டுல போறவங்க பாத்தா என்னா ஏதுன்னு வந்துருவாங்க.

பாருங்க, வெயிலு தென்னைக்குக் கீழ எறங்கிடுச்சு. பஞ்சநதம் வர்ற நேரம் ஆச்சு. எந்திரிங்க. ஒங்க நீலச் சட்டைய இருட்டுனதும் நானே பொம்மையிலேருந்து அவுத்துத் தர்றேன். இப்ப அதுக்கு நேரமில்ல, இன்னிக்கும் நானே நடந்துடுறேன். இந்தச் சட்டையப் புடிங்க, நான் கைய விடுறேன். பொத்தான நீங்களே போட்டு விடுங்க. மேல் பொத்தான் வேணாம், அவரு போட மாட்டாரு. தோளு சரியா விழுதா? நீங்கதான் தெரிஞ்சவங்க, பாத்துச் சொல்லுங்க. அந்தத் துண்ட எடுங்க. கொண்டைய உள்ள சொருகிக் கட்டணும்.

இருங்க, பூ இருக்கு. மெதுவா எடுங்க. கீழ போட்டுறாதீங்க தங்கச்சி, கையிலயே வச்சிருங்க. வீட்டுக்குப் போறப்ப திரும்ப வச்சுக்கிட்டுத்தான் போவணும்.